நான் போகாத புல்வெளி

ஆப்பிரிக்காவில் ஒரு புல்வெளி இருக்கிறது. அதில் எந்த மரம் எங்கே நிற்கிறது, எத்தனை மீட்டர் உயரம் என்று ஒரு காலத்தில் எனக்கு மனப்பாடம். கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோடு பக்கம், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே முதல் மாடியில் உட்கார்ந்து அதை அளந்தேன். நேரில் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை. முட்டி வலிக்கு மாத்திரை போடுகிறவளை யார் அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போவார்கள்? ஆனாலும் டிவியில் ஆப்பிரிக்கா வந்தால் வீட்டில் யாரும் சேனலை மாற்றக்கூடாது. நான் சிங்கம் பார்க்கிறேன் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிங்கம் யாருக்கு வேண்டும்? அதற்குப் பின்னால் நிற்கிற மரத்தைத்தான் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றையும் முடித்துவிட்டு, மாடம்பாக்கத்தில் வீட்டில் உட்கார்ந்து அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது நில அளவைத் துறையில் இருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்ட ஒருவர் சொந்தமாக அலுவலகம் ஆரம்பித்து ஆள் தேடுகிறார் என்று தெரிந்தது. போய்ப் பார்த்தேன். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, வாசலில் செருப்பு விடும் இடம். வேலை என்ன என்று கேட்டேன். மரம் எண்ணுவது என்றார் முதலாளி. விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

விளையாட்டு இல்லை. அந்தப் புல்வெளிக்கு மேலே ஒரு சின்ன விமானம் பறக்கும். அதன் வயிற்றிலிருந்து லேசர் கதிர் விட்டுவிட்டுத் தரையை நோக்கிப் பாயும். இலையோ கிளையோ மண்ணோ, எதில் பட்டாலும் திரும்பி வரும். போய் வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, பட்ட இடத்தின் உயரம் தெரிந்துவிடும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு புள்ளி. இப்படி லட்சக்கணக்கான புள்ளிகளை சிடியில் ஏற்றி கூரியரில் தாம்பரத்துக்கு அனுப்புவார்கள். புல்வெளியில் இருந்த ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். யானை முறித்தது போக, தீ தின்றது போக, வருஷா வருஷம் எவ்வளவு மரம், எவ்வளவு புதர் மிச்சம்?

புள்ளிகளைக் கம்ப்யூட்டரே ஒருமுறை பிரித்துவிடும். மண் என்றால் பழுப்பு, புல் மஞ்சள், புதர் இளம்பச்சை, மரம் கரும்பச்சை. பறவை, தூசி, இயந்திரத்தின் கோளாறு என்று கணக்கில் சேராதவை எல்லாம் ஊதா. ஊதாவுக்கு எங்கள் அலுவலகத்தில் குப்பை என்று பெயர். கம்ப்யூட்டர் பிரித்தது பாதிதான் சரியாக இருக்கும். மீதியை நாங்கள் கண்ணால் பார்த்து, வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி நிலத்தை மெல்லிய துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பக்கவாட்டில் பார்த்து நிறம் மாற்ற வேண்டும். ஒரு நாளைக்குக் கால் சதுர கிலோமீட்டர் முடித்தால் பெரிய விஷயம்.

முதல் மாதம் தலைவலிதான் மிச்சம். இரண்டாம் மாதம் மரங்கள் தெரிய ஆரம்பித்தன. குடை மாதிரி தட்டையான உச்சி உள்ளவை ஒரு சாதி. அடியிலேயே பிரிந்து நிற்பவை இன்னொன்று. என் பகுதியின் வடகிழக்கு மூலையில் பதினேழு மீட்டர் உயரத்தில் ஒரு மரம் தனியாக நின்றது. சுற்றிலும் புல். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். அதன் அடியில் நிழல் எப்படி விழும், அங்கே காற்று என்ன சத்தம் போடும், மண்ணுக்கு என்ன வாசனை என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பேன். புள்ளிக்கு வாசனை கிடையாது. அதுதான் எனக்கு எரிச்சல். உயரம் சென்டிமீட்டர் வரை தெரிகிறது, அந்த மரத்தின் பெயர் தெரியவில்லை.

எனக்கு அங்கே ஒரு நல்ல பெயர் வந்தது, கரையான் புற்றால். அந்தப் புல்வெளியில் ஆள் உயரத்துக்குப் புற்றுகள். கம்ப்யூட்டர் அத்தனையையும் புதர் என்று இளம்பச்சை அடித்துவிடும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அகரம்தென் போகிற வழியெல்லாம் அப்போது முள்காடு. காரையும் களாவும் சீமைக்கருவேலமும், நடுநடுவே மஞ்சள் பூசிய புற்றுகளும் பார்த்தே வளர்ந்தவள் நான். புதர் என்றால் உள்ளே கொஞ்சமாவது கதிர் நுழையும், கீழே மண் தெரியும். புற்றுக்குள் நுழையாது. அதை வைத்து ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பழுப்புக்கு மாற்றினேன். இதைக் கண்டுபிடித்தது யார் என்று அங்கிருந்து ஃபேக்ஸ் வந்தது. முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறை.

என் எதிர் மேஜையில் ஒருவர் இருந்தார். பெருங்களத்தூர். என்னைவிட இரண்டு வயது பெரியவர். சைக்கிளில்தான் வருவார். அவர் அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குத் தவறாமல் போகிற குடும்பம். அவர் செய்த பகுதியை நான் சோதிக்க வேண்டும், நான் செய்ததை அவர் சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு தாள் உண்டு. நிறத்துக்கு ஒரு கட்டம், எதிரே சோதித்தவர் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதுவது எட்டு வரி வரும். "இது மரமா? கண்ணைத் திறந்து பார்த்தீர்களா?" என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அவர் இரண்டு சொல்தான் எழுதுவார். தப்பு இருந்தால் இடத்தின் எண் மட்டும். இல்லாவிட்டால் "பிழை இல்லை."

அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல இப்போது எனக்கு வயது இல்லை. அவரிடம் அப்போது சொன்னதும் இல்லை. ஒருமுறை புதருக்குள் கதிர் எப்படி இறங்கும் என்று தெரிந்துகொள்ளட்டும் என முதலாளி எங்கள் நாலு பேரையும் ஐந்து மீட்டர் அளவுகோலோடு எங்கள் ஊர் முள்காட்டுக்கு அனுப்பினார். மற்ற இருவரும் நிழல் தேடிப் போய்விட்டார்கள். இவர் அளவுகோலைப் பிடிக்க, நான் எழுதினேன். மேலே விமானப்படையின் பயிற்சி விமானங்கள் வழக்கம்போல் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு கருவேல மரத்தடியில் அவர் மல்லாந்து படுத்து, இலைகளின் இடைவெளியில் எவ்வளவு வானம் தெரிகிறது என்று ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்தபோது சட்டை முதுகெல்லாம் முள். நான் பிடுங்கிவிடட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவரே சட்டையை இழுத்து இழுத்து உதறிக்கொண்டார்.

அந்த வருஷம் ஆகஸ்டு வாக்கில் முதலாளி எங்களைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். மழை முடிந்த கையோடு பறந்து எடுத்த புள்ளிகள்தான் எங்களிடம் இருந்தவை. நவம்பரில், வறண்ட காலம் முடிவதற்குள், விமானம் இன்னொரு முறை பறக்கும். அப்போது புல்வெளியில் இறங்கி, நாங்கள் சொன்ன உயரம் சரிதானா என்று மரம் மரமாக அளந்து பார்க்க இங்கிருந்து ஒருவர் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று வாரம். டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. போகிறவர் கையில் தன் பகுதியின் முழு உயரப் பட்டியல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "புத்து கண்டுபிடிச்சவங்கதானே போகணும்?" என்றார்.

அன்றைக்கு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று வழியெல்லாம் வாதத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தேன். அப்பா நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தவர். மஞ்சள் கல் நடுவதைத் தவிர உலகத்தில் வேறு எதிலும் அவருக்கு அக்கறை இல்லை என்பது என் எண்ணம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான். "அங்க நெலம் எப்புடி கீது? தண்ணி கீதா?" தெரியாது, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். மறுநாளே தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தயாராக வைத்திருந்த வாதமெல்லாம் வீணாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

பாஸ்போர்ட் வந்தது. போலீஸ் விசாரணைக்கு வந்தவருக்கு அம்மா காபி கொடுத்து, ஆப்பிரிக்காவில் சோறு கிடைக்குமா என்று அவரிடமே கேட்டாள். கிண்டியில் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் கை தூக்க முடியவில்லை, லேசாகக் காய்ச்சல். அதைக்கூட சந்தோஷமாக அனுபவித்தேன். ஊசி போட்டதற்கு மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன அட்டை தந்தார்கள். பத்து வருஷம் செல்லுமாம். நான் போகாத ஊரின் காய்ச்சல் பத்து வருஷத்துக்கு என்னை அண்டாது என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்தது.

என் பகுதியில் இன்னும் இரண்டு பட்டைகள் பாக்கி. விமானம் ஒருமுறை நேராகப் போய் முடிக்கிற நிலத்துக்குப் பட்டை என்று பெயர். அந்த இரண்டும் இருந்த சிடி ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் கூரியரில் வந்தது. பூஜை முடிந்ததும் உட்கார்ந்தால் பத்து நாளில் முடித்துவிடலாம். அவருக்கும் அவர் பகுதியில் அவ்வளவுதான் பாக்கி. அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு அலுவலகத்தில் நான்தான் எல்லாம். கோலம் போட்டது நான், சுண்டல் கொண்டுவந்தது நான். வாழைக்கன்றுகளை மாடிக்கு ஏற்றிக் கட்டியது அவர். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ், அந்த ஐந்து மீட்டர் அளவுகோல் என்று ஒன்றுவிடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தேன். சிடிகளிடம் வந்ததும் ஒரு யோசனை. மூடிய டப்பாவின் மேல் பொட்டு வைத்தால் அது டப்பாவுக்குத்தானே போய்ச் சேரும்? நம் ஆயுதம் உள்ளே அல்லவா இருக்கிறது? என் இரண்டு பட்டைகள் இருந்த சிடியை முதலில் வெளியே எடுத்தேன். ஒரு பக்கத்தில் பேனாவால் பட்டை எண் எழுதியிருந்தது. ஈரச் சந்தனம் பட்டால் எண் கலைந்துவிடும். அதனால் திருப்பிப் போட்டு, பளபளவென்று இருந்த பக்கத்தில் வைத்தேன். கணக்குப் படித்த மூளை.

அவர் பார்த்துவிட்டார். "டிஸ்க் மேல வேணாங்க. கீறல் விழுந்துடும்" என்றார். தணிந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கு அது போதும் கோபம் வர. எட்டு மாதமாக என் தப்பைப் பிடிக்கிற ஆள், இதிலுமா?

"உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது" என்றேன்.

சொல்லி முடித்த உடனேயே அது என்ன அர்த்தத்தில் போய் விழுந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அறையில் மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் பூசணிக்காய் உடைக்கிற வரை இருந்தார், பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டார், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். என்னிடமும்தான். வாயைத் திறந்து ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். பொரிப் பொட்டலத்துக்கு நூல் கட்டுவதில் மும்முரமாக இருக்கிற மாதிரி நின்றேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக்கூடாது. விஜயதசமி காலையில் எடுத்தபோது சந்தனம் காய்ந்து கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன். வந்தது, கூடவே பளபளப்பில் நாலைந்து கோடும் விழுந்தது. கம்ப்யூட்டரில் போட்டால் உறுமுகிறது, படிக்கவில்லை. அவர் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு போய், சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்துத் துடைத்து, மத்தியானம் வரை போராடினார். அரைப் பட்டைதான் மீண்டது. ஒன்றரைப் பட்டை போய்விட்டது. நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

முதலாளியும் திட்டவில்லை. சாமி காரியத்தில் நடந்தது, யாரை என்ன சொல்வது என்று விட்டுவிட்டார். வேறு பிரதி கேட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். அது வந்து, கஸ்டம்ஸில் இருந்து வெளியே எடுக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் போகவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. முழுப் பட்டியல் முடித்து வைத்திருந்தது அவர் ஒருவர்தான். அவரிடமும் பாஸ்போர்ட் இருந்தது. என்றைக்கோ துபாய்க்கு முயன்றபோது எடுத்தது. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த முறை கட்டாயம் நீதான் என்றார். அடுத்த முறை என்று ஒன்று வரவேயில்லை.

அன்று சாயங்காலம் படியில் நிறுத்தி அவர் சொன்னார், "நான் சார்கிட்ட பேசுறேங்க. என் லிஸ்ட்டை எடுத்துக்கிட்டு நீங்களே போங்க. யார் அளந்தா என்ன?"

மனதுக்குள் ஆமாம், ஆமாம் என்று கத்தினேன். வாயில் வந்தது வேறு. "யாரும் எனக்குப் பிச்சை போட வேணாம்" என்றேன்.

இரண்டாவது முறை பறந்து எடுக்கிற புள்ளிகளில் நடுப்பகுதி எனக்குத்தான் வரும் என்று முதலாளி சொன்னதாக அவர் சொன்னார். விமானத்துக்கு அடையாளமாக, புல்லைச் செதுக்கிய வெற்றுத் தரையில் வெள்ளைத் துணி விரித்து வைப்பார்களாம். "அந்தத் துணிக்குப் பக்கத்துல நான் நிப்பேன். தேடிப் பாருங்க" என்றார். நான் படியிறங்கிவிட்டேன். ஒரு ஆள் மேல் கதிர் பட்டால் எத்தனை புள்ளி விழும் என்று பஸ் ஸ்டாப் வரை கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். ஒன்று. அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு.

அவர் போயிருந்த மூன்று வாரமும் எதிர் மேஜை காலியாக இருந்தது. அங்கே இப்போது காலை எத்தனை மணி, எந்த மரத்தடியில் இருப்பார் என்று கணக்குப் போடுவதே எனக்கு வேலை. என் மரத்தை அவர் பார்த்திருப்பாரா? வடகிழக்கு மூலை, பதினேழு மீட்டர். பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். யாரை நினைத்து ஏங்குகிறேன், எந்த இடத்தை நினைத்து ஏங்குகிறேன் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நாள் முழுக்கப் புள்ளிகளைப் பிரித்து நிறம் போடுகிறவளுக்கு இது தெரியவில்லை.

கறுத்துப்போய்த் திரும்பி வந்தார். வந்த அன்று மற்ற இருவரும் முதலாளியும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தரை சிவப்பு மண் என்றார், நம்ம செங்கல்பட்டு பக்கம் மாதிரியே. விடியற்காலைக் குளிரில் பல் கிட்டிக்குமாம். யானை உரித்த மரத்தில் கை வைத்தால் ஈரமாக இருக்குமாம். நான் திரையைப் பார்த்தபடி எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். அவர் குரல் என் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். ராத்திரி வீட்டுக்குப் போய் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் மறுபடி மறுபடி நினைத்துப் பார்ப்பேன். சிவப்பு மண். குளிர். ஈரம். எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது. அவர் அதை என்னிடமிருந்து திருடவில்லை, நானே சந்தனம் வைத்துத் தாரை வார்த்தேன். அது தெரிந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்பட ஒரு ஆள் வேண்டியிருந்தது, எதிரிலேயே அவர் இருந்தார்.

பொங்கல் கழிந்து இரண்டாவது சுற்று சிடி வந்தது. இந்த முறை யாரும் சொல்லாமலே மூன்று பிரதி எடுத்து வைத்தேன். நடுப்பகுதி என்னுடையது. மற்ற வேலையை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு வெள்ளைத் துணி எங்கே என்று தேடினேன். துணி பளிச்சென்று கதிரைத் திருப்பி அனுப்பியிருந்ததால் உடனே கிடைத்தது. சுற்றிலும் செதுக்கிய தரை, எல்லாம் பழுப்பு, வழித்துவிட்ட மாதிரி சமம். துணிக்கு ஒரு மீட்டர் தள்ளி, அந்தரத்தில் இரண்டு புள்ளிகள்.

கீழே இருந்ததன் உயரம் 1.67 மீட்டர். அவர் உச்சந்தலை. மேலே இருந்தது 2.09. நான் சாய்ந்து உட்கார்ந்தேன். பறவையா? இல்லை, அதே இடம், அரை அடிகூட விலகவில்லை. அளவுகோலா? அது ஐந்து மீட்டர். எழுந்து போய்ச் சுவரோரம் நின்று, என் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தேன். என் தலைக்கும் விரல் நுனிக்கும் இடையில் ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு. அவர் கையைத் தூக்கியிருக்கிறார். மேலே விமானம் போகும்போது, இரண்டு மாதம் கழித்துத் தாம்பரத்தில் நான் பார்ப்பேன் என்று, அங்கே கையைத் தூக்கி நின்றிருக்கிறார்.

அழுகை வந்தது. ஏசி சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. அந்த இரண்டு புள்ளிகளை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ, டீ வந்து ஆறிப்போயிருந்தது.

மறுநாள் அவரே கேட்டார். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து, விளையாட்டாகக் கேட்கிற மாதிரி. "துணி கிட்ட பாத்தீங்களா? நான் விழுந்திருக்கேனா?"

அவர் முகத்தில் அந்த வெயில் இன்னும் இருந்தது. நான் போயிருக்க வேண்டிய வெயில். அதைத் தவிர வேறு காரணம் என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

"பாத்தேன். அங்க ஒண்ணும் விழல" என்றேன்.

"ஓ" என்றார். பிறகு, "பரவால்ல. பிளேன் தாண்டிப் போற வரைக்கும் நின்னேன், அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

சொன்ன பொய்யை இனி மெய்யாக்க வேண்டும். அவர்தான் என் பகுதியைச் சோதிக்கப் போகிறவர். அந்த இரண்டு புள்ளிகளைக் கம்ப்யூட்டர் புதர் என்று இளம்பச்சையில் விட்டிருந்தது. அப்படியே விட்டால், செதுக்கிய வெற்றுத் தரையில் ஒரு புதர் நிற்பது அவர் கண்ணில் உடனே படும். விதிப்படியும் அது புதர் இல்லை. கணக்கில் சேராதது. இரண்டையும் தேர்ந்தெடுத்து, ஊதாவுக்கு மாற்றினேன். திரையில் ஊதாவை மறைத்து வைத்துத்தான் நாங்கள் வேலை செய்வோம். அதனால் மாற்றியதும் அவர் காணாமல் போனார். தரை மட்டும் பழுப்பாக, சமமாக இருந்தது.

பகுதியை முடித்து அவரிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் சோதனைத் தாள் என் மேஜைக்கு வந்தது. அவர் மதிய சாப்பாட்டுக்குப் போயிருந்தார். வழக்கம்போல் கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தார். மண், புல், புதர், மரம். அதற்கும் கீழே, நான் என் வாழ்நாளில் நிரப்பாமல் கோடு இழுத்துவிடுகிற ஐந்தாவது கட்டம் இருந்தது. சோதிக்கிறவர் ஊதாவையும் திறந்து பார்க்க வேண்டும் என்பது விதி. குப்பையில் போய் யார் தேடுவார்கள் என்று நான் ஒருநாளும் திறந்ததில்லை. அவர் திறப்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் உறைத்தது.

அந்தக் கட்டத்தில் வெள்ளைத் துணியின் இட எண் எழுதியிருந்தது. இரண்டு புள்ளிகள் என்று எழுதியிருந்தது. உயரங்களும் இருந்தன, 1.67, 2.09. நான் அவரைப் பார்த்தேன் என்பதும், பார்க்கவில்லை என்று சொன்னேன் என்பதும், என் கையாலேயே அவரை எடுத்து எங்கே போட்டேன் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். ஏதாவது கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன், அத்தனை பேர் முன்னால்கூடச் சொல்லியிருப்பேன். அவர் நிமிர்ந்து பார்த்து, தாளில் ஏதாவது சந்தேகமா என்று கேட்டார். இல்லை என்றேன். மார்ச் மாதக் கடைசியில் வேறு வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டார். போகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடமும்தான்.

அந்தத் தாளை முதலாளியிடம் கொடுக்கவில்லை. வேறு தாளில் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு இதை நான் வைத்துக்கொண்டேன். இப்போதும் இருக்கிறது. ஐந்தாவது கட்டத்துக்கு எதிரே, எப்போதும் எழுதுகிற அதே சின்ன எழுத்தில், "பிழை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.